பத்து நாளில் பளிச்... அப்புறம்?

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நாலு பெண்களுக்கு உதவட்டுமே என்று எழுதுகிறேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் இரு கன்னத்திலும் மங்கு விழுந்தது. தீப்பெட்டி ஆபீசுக்கு வெயிலில் போய்வந்ததில் இன்னும் கறுத்தது. "மதினி, இதைப் போடுங்க, பத்தே நாள்ல பளிச்சுனு ஆயிரும்" என்று பக்கத்து வீட்டில் ஒரு டியூப் கொடுத்தார்கள். அப்படியே ஆனது! அப்புறம் நானே கடையில் சீட்டில்லாமல் வாங்கி நாலு மாதம் போட்டேன்.

நிறுத்தியதும் வந்தது வினை. முகம் சிவந்து எரிந்தது. அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை. பரு கொப்பளித்தது, தாடையில் முடிகூட வளர்ந்தது.

தோல் டாக்டர் டியூபைப் பார்த்துவிட்டு, "இதில் ஸ்டீராய்டு இருக்கும்மா, இஷ்டத்துக்குப் போடலாமா?" என்று கடிந்துகொண்டார். எரிச்சல் ஆறிய பிறகு அசெலாயிக் ஆசிட் கிரீம் எழுதித் தந்தார். 'ஆசிட்' என்றதும் பயந்துவிட்டேன். கோதுமை, பார்லியில் இருக்கும் பொருள்தானாம். தேமல் உண்டாக்கும் கிருமியிடம் இது இருப்பதைக் கவனித்து, 1970களில் இத்தாலி மருத்துவர்கள் ஆராய்ந்து கண்ட மருந்தாம். மங்கு, பரு, பரு விட்டுப்போன கறை மூன்றுக்கும் கொடுக்கிறார்கள்.

இது அவசர மருந்து இல்லை. பருவுக்கு ஒன்றிரண்டு மாதம், மங்குக்கு ஆறு மாதம்கூட ஆகும். முதலில் சுறுசுறுவென்று இருக்கும். எரிச்சல் மிஞ்சினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வெயிலில் குடையோ சன்ஸ்கிரீனோ இல்லாவிட்டால் மங்கு திரும்பிவிடும். முக்கியமாக, இது சிவப்பாக்கும் மருந்து இல்லை!

தோலில் பூசும் ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது. ஆனால் கடைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? போய்க் கேட்பது நாம்தானே! டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபிடசால், மொமெட்டசோன் என்று பெயர் இருந்தால் டாக்டர் சொல்லாமல் முகத்தில் வைக்காதீர்கள். ஏற்கெனவே போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள். செலவுக்குப் பயந்தால் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. 2022 முதல் நம் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

போன வாரம் என் நாத்தனாரைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். "மதினி, அந்த டியூப் பேரு என்ன?" என்று மெல்லக் கேட்டாள். என் பழைய போட்டோவைக் காட்டினேன். அப்புறம் அவள் வாய் திறக்கவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஆனைக்குட்டம்.