ஆபத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை: மலைச் சைக்கிள் போட்டிகள் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும்?

2021ஆம் ஆண்டு யூலை 26ஆம் திகதி ரோக்கியோ ஒலிம்பிக்கின் ஆண்களுக்கான மலைச் சைக்கிள் போட்டி இசு மலைப்பகுதியில் நடந்தது. முதற் சுற்றிலேயே நெதர்லாந்து வீரர் மத்தியூ வான் டெர் பூல் ஒரு பாறை விளிம்பிலிருந்து குப்புற விழுந்தார். உலகின் மிகத் திறமையான சைக்கிளோட்டிகளில் அவர் ஒருவர். பயிற்சி நாட்களில் அந்த விளிம்பில் ஒரு சரிவுப் பலகை இருந்தது. போட்டியன்றும் அது இருக்கும் என்று நினைத்தே வந்ததாக அவர் பின்னர் சொன்னார். ஆனால் பலகை அகற்றப்பட்டிருந்தது. அவர் போட்டியிலிருந்து விலகினார். முதுகுவலி பல மாதங்கள் அவரை விடவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது பாறையின் உயரத்தை அல்ல. அன்று அதே பாறையிலிருந்து மற்ற வீரர்கள் பாதுகாப்பாகக் குதித்து இறங்கினார்கள். பிரித்தானியாவின் ரொம் பிட்கொக் தங்கப் பதக்கம் வென்றார். வான் டெர் பூலுக்கும் அந்தத் தாவலைச் செய்யத் தெரியும். அவர் எதிர்பார்த்து வந்த பாதையும் அவர் முன்னால் இருந்த பாதையும் வேறு வேறாக இருந்தன. அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒருவருக்கே இது நடக்கும் என்றால், வாரநாட்களில் வேலைக்குப் போய், வார இறுதியில் மட்டும் சைக்கிளை எடுக்கும் ஒருவருக்கு என்ன நடக்கும்?

நான் சுவிற்சர்லாந்தில் வாழ்கிறேன். இங்கு எங்களுடைய வீடுகளிலும் இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிட்டது. இங்கே பிறந்த பிள்ளைகள் பாடசாலைத் தோழர்களோடு மலைப்பாதைகளுக்குப் போகிறார்கள். பிறகு போட்டிக்குப் பெயர் கொடுக்கிறார்கள். கையொப்பம் இடவேண்டிய படிவத்தோடு பெற்றோரிடம் வருகிறார்கள். அந்தப் படிவத்தில் என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும் என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

மலைச் சைக்கிள் போட்டியில் கடினம் இரண்டு வகைப்படும். முதலாவது உடலுக்கானது. தூரம், ஏற்றம், வெயில், உயரமான இடத்தின் மெல்லிய காற்று எல்லாம் இதற்குள் அடங்கும். இரண்டாவது தொழில்நுட்பக் கடினம். மரவேர்கள், குவிந்து கிடக்கும் கற்கள், செங்குத்தான இறக்கம், ஊசிமுனை வளைவு, குதித்தே இறங்கவேண்டிய பாறை என்று அது நீளும். முதல் வகைக் கடினம் ஒருவரை எச்சரித்துவிட்டே தண்டிக்கிறது. மூச்சு வாங்கும், கால் சோரும், வேகம் தானாகக் குறையும். இரண்டாவது வகை எச்சரிப்பதில்லை. ஒரு விநாடி முன்வரை எல்லாம் சரியாக இருக்கும். அடுத்த விநாடி தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கும்.

அப்படியானால் சாதாரண ஓட்டிகளுக்கான போட்டிகளில் தொழில்நுட்பக் கடினத்தை எடுத்தே விடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த விளையாட்டு பிறந்ததே இறக்கத்தில்தான். 1976ஆம் ஆண்டு ஒக்ரோபரில் கலிபோர்னியாவின் மரின் பிரதேசத்தில் சில இளைஞர்கள் பழைய, பாரமான சைக்கிள்களில் ஒரு மண்பாதையில் இறங்கிப் போட்டியிட்டார்கள். பாதை அவ்வளவு நீளமானதல்ல. இறங்கும் உயரமோ ஏறத்தாழ 400 மீற்றர். கீழே வரும்போது பின்சில்லின் பிறேக் சூடேறி, உள்ளே இருந்த கிறீஸ் உருகிப் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் போட்டிக்கு 'ரீபக்' என்று பெயர் வந்தது. அவர்கள் யாரும் தொழில்முறை வீரர்கள் அல்லர். சைக்கிளைக் கையாளும் திறமைக்கு மதிப்பில்லாத ஒரு மலைச் சைக்கிள் போட்டி, மண்ணில் நடக்கும் வீதிப் போட்டியாகத்தான் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. வழவழப்பான, அகலமான பாதை பாதுகாப்பானது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அந்தப் பாதையில் வேகம் கூடும். வேகம் இரட்டிப்பானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். வேரும் கல்லும் நிறைந்த இடத்தில் மெதுவாக விழுபவருக்குத் தோல் உரியும். சரளைக்கல் இறக்கத்தில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் விழுபவரின் கதை வேறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எலன்கூர் குன்றில் அமைக்கப்பட்ட பாதை சரளைக்கல் நிறைந்தது, செயற்கையானது, இயல்பான மலைப்பாதை போல் இல்லை என்று விமர்சிக்கப்பட்டது. அதே பாதையின் ஒரு பாறைப் பகுதியில்தான் பிரான்ஸ் வீராங்கனை லோனா லெகோம்ற் விழுந்து, தலையில் அடிபட்டு, போட்டியிலிருந்து விலகவேண்டி வந்தது. ஆகவே 'இலகுவான பாதை' என்ற சொல்லை நம்பி யாரும் நிம்மதியடைய முடியாது.

என்னுடைய கருத்து இதுதான். சாதாரண ஓட்டிகளுக்கான போட்டியில் தொழில்நுட்பக் கடினம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் அது மூன்று நிபந்தனைகளுக்குள் இருக்க வேண்டும். ஓட்டிக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். விலகிப் போக இன்னொரு வழி இருக்க வேண்டும். அங்கே செய்யும் தவறு நேரத்தைப் பறிக்கலாம், உடலைப் பறிக்கக் கூடாது.

முதலாவது நிபந்தனைக்குத் தேவையான கருவிகள் ஏற்கனவே இருக்கின்றன. சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் பாதைகளை நிறங்களால் தரம் பிரிக்கிறது. பச்சைப் பாதையில் விலக முடியாத தடைகள் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நீலத்தில் 20 சென்ரிமீற்றர். கறுப்பில் 38 சென்ரிமீற்றர். பாதையின் அகலமும் சராசரிச் சரிவும் இதே போல வரையறுக்கப்பட்டுள்ளன. ஜேர்மன் மொழி பேசும் நாடுகளில் எஸ் 0 முதல் எஸ் 5 வரையான இன்னொரு அளவுகோல் இருக்கிறது. ஆனால் சாதாரண ஓட்டிகளுக்கான பல போட்டி விளம்பரங்களில் தூரமும் ஏற்றமும் கொட்டை எழுத்தில் இருக்கும். மிகக் கடினமான இறக்கம் எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்ற ஒரு வரி இருக்காது. 40 கிலோமீற்றர் என்று மட்டும் சொல்வது ஓட்டிக்குப் பாதி உண்மையைச் சொல்வதாகும்.

இரண்டாவது நிபந்தனைக்கு 2012 இலண்டன் ஒலிம்பிக் நல்ல உதாரணம். எசெக்ஸ் பகுதியிலுள்ள ஹட்லி பண்ணையில் அமைக்கப்பட்ட பாதையில், மிகக் கடினமான சில இடங்களில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று குறுகியது, ஆபத்தானது. மற்றது சற்றுச் சுற்றிப் போவது, பாதுகாப்பானது. சுற்றிப் போகிறவர் சில விநாடிகளை இழப்பார். அங்கே ஆண்கள் போட்டியில் செக் வீரர் யாரொஸ்லாவ் குல்ஹாவி, சுவிஸ் வீரர் நினோ ஷூர்ட்டரை ஒரே ஒரு விநாடியால் முந்தினார். ஆகவே அந்தச் சில விநாடிகள் அவர்களுக்கு மலையளவு. ஆனால் 214ஆவது இடத்துக்கு வரும் ஒரு தாதிக்கோ பஸ் சாரதிக்கோ அவை ஒன்றுமேயில்லை. ஒலிம்பிக் வீரருக்கே இரண்டாவது வழி கொடுக்கப்பட்டது என்றால், சாதாரண ஓட்டிக்கு அதை மறுப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

கடந்த சில கோடைகாலங்களாக எங்கள் பிரதேசத்தில் நடக்கும் ஒரு சிறிய போட்டியில் தொண்டராக நிற்கிறேன். எனக்குத் தரப்படுவது வழமையாக வேர்கள் அடர்ந்த ஓர் இறக்கம். முன்னணியில் வருபவர்கள் அதைத் தாண்டும்போது பார்ப்பதற்கே ஆசையாக இருக்கும். அவர்கள் விழுவதில்லை. இரண்டு மணித்தியாலங்களுக்குப் பின் வருபவர்கள்தான் விழுகிறார்கள். அவர்களுக்குத் திறமை இல்லை என்பதல்ல. காலையில் தந்திருந்தால் அதே இறக்கத்தை அவர்களில் பலர் தாண்டியிருப்பார்கள். நீண்ட ஏற்றத்துக்குப் பின் கைகள் மரத்துப் போயிருக்கும். பிறேக்கைப் பிடிக்க விரல்களில் பலம் இருக்காது. பின்னால் வருபவர் 'விலகு, விலகு' என்று கத்துவார்.

ஒருமுறை பதினாறு வயது மதிக்கத்தக்க எங்கள் பிள்ளை ஒருவன் அந்த இடத்தில் சைக்கிளை நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்ததும் தமிழில் கேட்டான்: "அங்கிள், இறங்கி நடந்தா போட்டியில இருந்து எடுத்துப்போடுவினமோ?"

"இல்லையடா தம்பி, உருட்டிக்கொண்டு போ" என்றேன்.

இறங்கி நடப்பது விதிமீறல் அல்ல. ஆனால் அது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. தெரியாமலிருந்தால் அந்த இறக்கத்துக்குள் அவன் ஓட்டிக்கொண்டுதான் போயிருப்பான்.

தொழில்முறை வீரருக்கும் சாதாரண ஓட்டிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஒலிம்பிக் பாதையின் ஒரு சுற்று 4 முதல் 6 கிலோமீற்றர் வரைதான். வீரர்கள் அதைப் பல நாட்கள் பயிற்சிக்காகச் சுற்றுகிறார்கள். ஒவ்வொரு கல்லும் அவர்களுக்குத் தெரியும். போட்டி ஒன்றரை மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். சாதாரண ஓட்டியோ நீண்ட பாதையைப் போட்டியன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார், அதுவும் களைத்துப்போன கண்களால். விழுந்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாது. வீட்டில் அவரை நம்பிச் சிலர் இருப்பார்கள். எனவே உலகக் கிண்ணப் பாதைகளைப் பார்த்து அதே மாதிரியான தாவல்களைச் சிறிய போட்டிகளிலும் வைக்கும் ஏற்பாட்டாளர்கள் தொழில்முறைப் பாதையின் பாறையை மட்டும்தான் எடுத்துவருகிறார்கள். அதற்குரிய பயிற்சி நாட்களை எடுத்துவருவதில்லை.

கடினமான போட்டி என்றால் பயங்கரமான போட்டி என்று பொருளல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்ற ஊர் 3,000 மீற்றருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அருகிலிருந்த கிளைமக்ஸ் சுரங்கம் மூடப்பட்டு, ஊரே வேலையிழந்து நின்றது. வெளியாட்களை ஊருக்கு வரவழைக்க, சுரங்கத் தொழிலாளியாக இருந்த ஒருவர் 1983இல் 100 மைல் ஓட்டப் போட்டி ஒன்றைத் தொடக்கினார். 1994இலிருந்து அதே தூரத்துக்கு மலைச் சைக்கிள் போட்டியும் நடக்கிறது. பாதையின் பெரும்பகுதி அகலமான மண்வழிகள். ஆனால் 12 மணித்தியாலங்களுக்குள் அதை முடிப்பது பெரும்பாடு. அந்தப் போட்டியை யாரும் இலகு என்று சொல்வதில்லை.

இங்கே வலே மாநிலத்தில் வெர்பியேயிலிருந்து கிறிமென்ட்ஸ் வரை நடக்கும் 'கிறான் ரெயிட்' போட்டி 125 கிலோமீற்றர் நீளமானது. ஏறத்தாழ 5,000 மீற்றர் ஏறவேண்டும். அவ்வளவு முடியாதவர்கள் வழியிலுள்ள வேறு கிராமங்களிலிருந்து புறப்பட்டுக் குறைந்த தூரம் ஓடலாம். எல்லோரும் வந்து சேரும் கோடு ஒன்றுதான்.

இலங்கைக்கும் இது தொலைவான விடயமல்ல. கண்டிக்கு அருகிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கும் மேலாக நீளும் பீக்கோ பாதை அண்மைய ஆண்டுகளில் உல்லாசப் பயணிகளுக்காக ஒழுங்கமைக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி பழைய தேயிலைத் தோட்டப் பாதைகள். மலையக மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்துக் கூடையோடு நடந்த பாதைகள். நாளை அத்தகைய பாதைகளில் போட்டிகள் பெருகினால், பல ஆயிரம் டொலர் பெறுமதியான சைக்கிளோடு விமானத்தில் வருபவருக்கு மட்டும் ஏற்ற கடினமாக அது இருக்கக் கூடாது. அந்தத் தோட்டத்தில் பிறந்து, சாதாரண சைக்கிள் வைத்திருக்கும் ஓர் இளைஞனும் பாதுகாப்பாக முடிக்கக்கூடிய ஒரு வழி அதில் இருக்க வேண்டும். பாதை கடினமாகக் கடினமாகப் பணம் படைத்தவருக்கே அது வாய்ப்பாகிறது. நல்ல பிறேக்கும் நல்ல சொக்கும் விலைக்குத்தான் கிடைக்கின்றன.

எங்களுடைய தலைமுறைக்கு இதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பொருளாதாரத் தடையால் எரிபொருள் இல்லாதிருந்த 1990களின் யாழ்ப்பாணத்தில் நோயாளியையும் விறகையும் அரிசி மூட்டையையும் சைக்கிளில்தான் ஏற்றினோம். குண்டும் குழியுமான வீதியில், வானத்தைப் பார்த்துக்கொண்டே மிதித்தோம். ஆபத்திலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகள் ஏன் ஆபத்தைத் தேடிப் போகிறார்கள் என்று சில பெற்றோர் என்னிடம் கோபமாகக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எங்களுக்கு வந்த ஆபத்தை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அது எங்கே, எப்போது வரும் என்று யாரும் அறிவிக்கவில்லை. விலகிப் போக வழியும் இருக்கவில்லை. பிள்ளைகள் தேடுவது தாங்களே அளந்து, தாங்களே முடிவெடுத்துக் கடக்கும் ஒன்றை. அந்த வேறுபாட்டைக் காப்பாற்றுவதுதான் போட்டியை நடத்துபவரின் கடமை. பாதையைப் பற்றிச் சொல்லாமலும் மாற்று வழியை வைக்காமலும் விட்டால், விருப்பத்தோடு வந்தவர் மீதும் ஆபத்து திணிக்கப்பட்டதாகவே ஆகும்.

ஆகவே பிள்ளையின் படிவத்தில் கையொப்பம் இடுவதற்கு முன் பெற்றோர் சில கேள்விகளைக் கேட்கலாம். பாதையின் மிகக் கடினமான இடம் எந்தத் தரத்தைச் சேர்ந்தது? அதற்கு மாற்று வழி உண்டா? பிரிவுப் பலகை அந்த இடத்துக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது? போட்டிக்கு முதல்நாள் பாதையைப் பார்க்க விடுவார்களா? மழை பெய்தால் எந்தப் பகுதியை மூடுவார்கள், அதை யார் தீர்மானிப்பார்? விழுந்தவரிடம் முதலுதவியாளர் எத்தனை நிமிடத்தில் வந்து சேருவார்? இவற்றுக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஏற்பாட்டாளரிடம், பாதை எவ்வளவு கடினமாக இருந்தாலும், பிள்ளையை நம்பி அனுப்பலாம். பதில் சொல்ல முடியாதவரிடம், பாதை எவ்வளவு இலகுவாக இருந்தாலும், அனுப்பாமல் விடுவதே நல்லது.