எத்தனை கருவி என்று எண்ணாதீர்கள்!

சட்டைப் பைக்குள் ஒரு பட்டறை! விரித்தால் கத்தி, இன்னொன்றை விரித்தால் திருப்புளி, அடுத்தது கத்தரிக்கோல். இப்படிப்பட்ட பேனாக் கத்தியைக் கடையில் பார்த்ததும், "இதில் எத்தனை கருவி இருக்கிறது?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். "கீல் ஆடுகிறதா?" என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்!

இந்தக் கத்திக்குப் பேர்போன நாடு சுவிட்சர்லாந்து. 1891-ம் ஆண்டு கார்ல் எல்செனர் என்பவர் அந்த நாட்டுப் பட்டாளத்துக்குக் கத்தி செய்து கொடுத்தார். அதில் இருந்தவை நாலே நாலு: கத்தி, குத்தூசி, திருப்புளி, டப்பா திறக்கும் கருவி. சிப்பாய் துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி வேண்டும். சாப்பாட்டு டப்பாவையும் திறந்தாக வேண்டும். வேண்டாதது ஒன்றுகூட அதில் இல்லை.

உறுதியான கத்திதான், ஆனால் கனம். 1897-ல் அவரே இலேசான கத்தி ஒன்றைச் செய்தார. இரண்டே ஸ்பிரிங், ஆறு கருவிகள்! ஒரே ஸ்பிரிங்கை வயிற்றுப்பக்கமும் முதுகுப்பக்கமும் வேலை வாங்கினார். கெட்டிக்காரர்! 1921-ல் துருப்பிடிக்காத எஃகும் வந்து சேர்ந்தது.

ஒரு குறை உண்டு. அந்த அமைப்பில் பூட்டு கிடையாது. விரித்த கத்தியை ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். நுனியால் குத்தித் துளை போடப் பார்த்தால், கத்தி மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடும். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பிடித்து முறுக்கும் வேலைக்கு அமெரிக்கக் கருவிதான் மேல். டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975-ல் பழைய கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது. கையில் இருந்த கத்தியில் குறடு இல்லையே என்று தவித்தார். 1983-ல் அவருடைய கருவி விற்பனைக்கு வந்தது. நடுவில் முழுக் குறடு. இரண்டு கைப்பிடிகளுக்குள்ளும் மற்றவை மடங்கிக் கிடக்கும். பழம் நறுக்க இது தோதுப்படாது. இறுகிய மரையைக் கழற்றவோ இதை விட்டால் வேறில்லை.

சுவிட்சர்லாந்தின் வெங்கர் கம்பெனி 87 கருவிகளோடு ஒரு ராட்சசக் கத்தியே செய்தது. எடை ஒரு கிலோவுக்கு மேல்! எந்தச் சட்டைப் பை தாங்கும்?

கருவி கூடினால் அடுக்கு கூடும். இடுக்கில் அழுக்கும் சேரும். அத்தனையையும் தாங்குவது உள்ளே இருக்கும் சில ஆணிகள்தான். நான் வாங்கினால் ஐந்தாறு கருவிக்கு மேல் போக மாட்டேன். கடையிலேயே ஒவ்வொன்றையும் விரித்து, பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.