நடந்து திரும்பினால் மனம் கனக்கிறது

கேள்வி: எனக்கு வயது 56. தஞ்சாவூர் மாவட்டத்தில் 3 ஏக்கர் நெல் சாகுபடி. சர்க்கரை இருப்பதால் டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். காலையில் வயலைச் சுற்றி வருவதே போதாதா? இன்னொன்று. போன கோடையில் எங்கள் போர்செட் கேபிளை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து ரோட்டில் முகம் தெரியாத யார் போனாலும், அதிலும் நடவுக்கு வந்திருக்கும் வடக்கத்திப் பையன்களைப் பார்த்தால், மனம் கொதிக்கிறது. நடந்துவிட்டு வரும்போது, போனதைவிடக் கனமாகத்தான் திரும்புகிறேன். என்ன செய்யலாம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வயலைச் சுற்றுவது வேலை. மடையைப் பார்க்க நிற்கிறோம், எலி வங்கைப் பார்க்கக் குனிகிறோம், பக்கத்து வயல்காரரிடம் பத்து நிமிடம் பேசுகிறோம். டாக்டர் சொல்வது நிற்காத நடை. வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம், மூச்சு கொஞ்சம் வாங்குகிற வேகத்தில். சர்க்கரை உள்ளவர் வரப்பில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். கால் மரத்துப்போயிருந்தால் முள் குத்தியதே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். ரோட்டில் நடந்தால் வலது ஓரமாக, வண்டி எதிரே வருவது கண்ணில் படும்படி நடங்கள். விடியுமுன் கிளம்புகிறவர் கையில் டார்ச் கட்டாயம். சட்டைப்பையில் நாலு மிட்டாயும் இருக்கட்டும், சர்க்கரை திடீரென்று இறங்கினால் உதவும்.

உங்கள் கடிதத்தின் கனம் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. ஒரு கேபிள் போனால் காசு மட்டும் போவதில்லை. பயிர் காய்கிற நேரத்தில் தண்ணீர் போகிறது, ராத்திரித் தூக்கம் போகிறது. உங்கள் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். திருடியது ஒருவனோ இரண்டு பேரோ. அந்த ரோட்டில் காலையில் அரை மணி நேரத்தில் உங்களைத் தாண்டிப் போகிறவர்கள் முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேர் மேலும் தினமும் கோபப்படுகிறீர்கள். அவர்களுக்கு அது தெரியாது. அந்தக் கனம் முழுவதையும் சுமப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

அமெரிக்காவில் அயோவா என்று ஒரு மாநிலம். மக்காச்சோளத்துக்குப் பேர்போன ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மாணவர்களை ஒரு கட்டடத்துக்குள் 12 நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். 2019-ல் அந்த ஆய்வு வெளியானது. ஒரு பிரிவினர், எதிரே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து, 'இவர் நன்றாக இருக்க வேண்டும்' என்று மனதுக்குள் உண்மையாகவே நினைக்க வேண்டும். இன்னொரு பிரிவினர், 'இவரைவிட நான் எதில் மேல்' என்று யோசிக்க வேண்டும். வேறொரு பிரிவினர், வருகிறவரின் உடையையும் தோற்றத்தையும் கவனித்தால் போதும். நடந்து முடித்துக் கேட்டபோது, நல்லது நினைத்தவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியிருந்தது, பதற்றம் குறைந்திருந்தது. 'நான் மேல்' என்று நினைத்தவர்களுக்கு அப்படி ஒரு பலனும் இல்லை. இவ்வளவுக்கும் யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர்கள் கேபிளைப் பறிகொடுக்காத கல்லூரிப் பிள்ளைகள்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். 12 நிமிட நடை உங்கள் ஆறு மாதக் கோபத்தைக் கரைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செலவில்லாத வைத்தியம், 15 நாள் செய்து பார்ப்பதில் நஷ்டம் ஏதுமில்லை.

செய்முறை இவ்வளவுதான். போனை வீட்டில் வைத்துவிடுங்கள், அல்லது சத்தத்தையாவது அணைத்துவிடுங்கள். முதல் பத்து நிமிடம் ஆட்களைப் பார்க்க வேண்டாம். கால் தரையில் படுவது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, வாய்க்கால் தண்ணீரின் சத்தம், இவற்றில் கவனம் இருக்கட்டும். மனம் கேபிளுக்கு ஓடத்தான் செய்யும். ஓடியது தெரிந்ததும் திட்டாமல் காலுக்குத் திருப்புங்கள், மேயப்போன மாட்டைத் திருப்புகிற மாதிரி. அதற்குப் பிறகு எதிரே வருகிறவர்களைப் பாருங்கள். பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளை, நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள். ஒவ்வொருவருக்கும் மனதுக்குள் ஒரு 'நல்லா இருக்கட்டும்'. வடக்கத்திப் பையன்களை முதல் நாளே எடுக்காதீர்கள். வராத அன்பை வரவழைத்தால் நடிப்பாகிவிடும். நாலைந்து நாள் போகட்டும்.

இது நமக்குப் புதுசும் இல்லை. பழைய பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல், ஏறக்குறைய தோள் உயரத்தில். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அந்த வீட்டார் நட்டுவைத்தது. தலைச்சுமையோடு தனியாக வருகிறவர், இறக்கிவிட ஓர் ஆள், தூக்கிவிட ஓர் ஆள் என்று தேட வேண்டாம். தானே கல்மேல் தள்ளி வைத்துவிட்டு இளைப்பாறி, தானே எடுத்துக்கொண்டு போகலாம். தங்கள் வீட்டுத் துக்கத்துக்கு அந்தக் குடும்பம் கண்ட வழி, இனி வரப்போகிற ஊர்பேர் தெரியாத ஒருவரின் கழுத்து வலியைக் குறைப்பது. வருகிறவர் என்ன சாதி, யோக்கியனா என்று அந்தக் கல் கேட்டதில்லை. இன்றைக்கு வண்டி வந்துவிட்டது, பல ஊர்களில் கல் சாய்ந்து முள்ளுக்குள் கிடக்கிறது. ஆனாலும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு வழிநெடுகப் பந்தல் போட்டு மோரும் பானகமும் கொடுக்கிறார்கள். கொடுக்கிறவர் யாரிடமும் ஆதார் அட்டை கேட்பதில்லை.

அந்தப் பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெல்டாவில் நடவுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் மேற்கு வங்காளத்துக்காரர்கள். அதுவும் நெல் விளைகிற பூமி. நமக்குச் சம்பா போல அவர்களுக்கு ஆமன் என்று ஒரு பட்டம், கோடையில் அறுப்பதற்குப் போரோ என்று இன்னொன்று. நாற்றைப் பிடிக்கிற கையைப் பார்த்தாலே இவர்களும் நம்மவர்கள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். 'கெமோன் ஆச்சேன்' என்றால் அவர்கள் பாஷையில் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று அர்த்தம். பத்தாவது நாள் வாக்கில் ஒருவரிடம் கேட்டுப் பாருங்களேன். உங்கள் உச்சரிப்புக்கு அவர் சிரிப்பார், அவ்வளவுதானே.

இதையெல்லாம் செய்வதால் கொட்டகையைத் திறந்து போட வேண்டும் என்பதில்லை. நல்லெண்ணம் வேறு, காவல் வேறு. கேபிள் போனதற்கு ஸ்டேஷனில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கவில்லை என்றால் இப்போதாவது எழுதிக் கொடுங்கள். புதுக் கேபிளை வெளியே தொங்கவிடாமல் குழாய்க்குள் விட்டு ஆழமாகப் புதையுங்கள். பக்கத்து போர்செட்காரர்கள் நாலு பேர் சேர்ந்து முறைவைத்து ராத்திரி ஒரு நடை பார்த்து வரலாம். காவல் உறுதியாக இருந்தால், காலையில் எதிரே வருகிறவரைச் சந்தேகப்படுகிற வேலை மனதுக்குப் பாதி குறைந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் பிடிக்காமல், சாப்பாடு செல்லாமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் நடையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போகும்போது டாக்டரிடமும் சொல்லுங்கள்.

15 நாள் நடந்துவிட்டு ஒரு கார்டு போடுங்கள். பலன் இல்லையென்றாலும் எழுதுங்கள், அதையும் இதே பக்கத்தில் போடுகிறோம்.