சுருண்ட கூந்தலும் காரப் பசையும்



பிறவியிலேயே சுருண்ட கூந்தல் வாய்த்தவர்கள், தலைவாரும்போது படும் பாட்டை நன்கறிவார்கள். சுருளை முற்றிலும் நீக்காமல் சற்றே தளர்த்தித் தரும் 'டெக்ஸ்சுரைசர்' என்னும் பசை, அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே நெடுங்காலமாகப் புழங்கி வருகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் அதுவும் ஒன்றாக இருக்கக்கூடும் என்பதால், அதன் இயல்பை அறிந்துகொள்வது நலம்.

பெயர்தான் மென்மையானது. முடியை முழுதும் நேராக்கும் 'ரிலாக்சர்' பசையில் உள்ள அதே காரமே இதிலும் உள்ளது. குறைந்த நேரத்தில் கழுவிவிடுகிறார்கள், அவ்வளவே வேறுபாடு. பல தயாரிப்புகளில் அக்காரம் காஸ்டிக் சோடாவேதான். முடியின் புரத இழைகளைப் பிணைத்து நிற்கும் கந்தக அணுக்கள் இரண்டில் ஒன்றை அது அகற்றிவிடுகிறது. அப்பிணைப்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

மால்கம் எக்ஸ் தம் இளமையில், பாஸ்டன் நகரில், காஸ்டிக் சோடாவும் உருளைக்கிழங்கும் முட்டையும் கலந்த குழம்பை நண்பர் ஒருவர் தம் தலையில் பூசியதையும், தலை தீயாய் எரிந்ததையும் 1965இல் வெளிவந்த தம் சுயசரிதையில் விவரித்துள்ளார். வெள்ளையரைப்போல் தோன்ற அவ்வேதனையைத் தாங்கியதை, தம்மைத் தாமே இழிவுபடுத்திக்கொண்ட செயலாகவே பிற்காலத்தில் அவர் கருதினார். அன்றைய குழம்பு இன்று அழகிய டப்பாவில் வருகிறது!

பயன்படுத்தியே தீர வேண்டும் என்போர் முதல் நாள் தலையைச் சொறியவோ கழுவவோ கூடாது. நெற்றியோரத்திலும் காது மடலிலும் வாஸ்லின் தடவிக்கொள்ள வேண்டும். எரிச்சல் கண்டால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே கழுவிவிட வேண்டும். காரம் எஞ்சியிருந்தால் நுரை இளஞ்சிவப்பாகும் ஷாம்பு உண்டு. நுரை வெள்ளையாகும்வரை அலசுவது அவசியம்.

உண்மையான சிக்கல் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால், 8 முதல் 12 வாரங்களில் வேரருகே பழைய சுருள் எழுந்துவிடும். அப்புதுமுடிக்கு மட்டுமே மீண்டும் பசை பூச வேண்டும். முழுதும் நேராக்கிய கூந்தலில் புதியதும் பழையதும் சேரும் எல்லை தெளிவாகத் தெரியும். டெக்ஸ்சுரைசர் இட்ட கூந்தலிலோ இரண்டுமே சுருண்டிருப்பதால், அவ்வெல்லை கண்ணுக்கு எளிதில் புலப்படாது. கை சற்றுத் தவறிப் பழைய முடியின்மேல் மறுபடியும் பசை பட்டால், விரும்பிய அலை மறைந்து முடி நேராகிவிடும். அன்றேல் முறிந்து விழும். ஆகவே பழைய முடியின்மேல் கண்டிஷனரைக் கனமாகப் பூசி மறைத்த பின்னரே தொடங்குதல் வேண்டும். தனக்குத் தானே பின்னந்தலையில் இதைச் செய்துகொள்வது வீண் துணிச்சல் என்பேன்.

நம் ஊர் அழகு நிலையங்களில் 'ரீபாண்டிங்' செய்துகொண்ட சகோதரிகள் இப்பசையைத் தொடவே வேண்டாம். அங்குப் பயன்படுவது பெரும்பாலும் தயோகிளைகோலேட் என்னும் வேறு இரசாயனம். இரண்டும் ஒரே முடியில் சேர்ந்தால் முடி அற்றுப்போகும்.

மற்றொன்றையும் சொல்லாமல் விடலாகாது. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2022இல் வெளியானது. அதில் சேருமுன் ஓராண்டில் 4 தடவைக்கு மேல் முடியை நேராக்கும் இரசாயனம் பயன்படுத்தியோரிடம், பயன்படுத்தாதோரைவிடக் கருப்பைப் புற்றுநோய் இரு மடங்கிற்கும் அதிகமாகக் காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுகிறதேயன்றி, காரணத்தை நிறுவவில்லை. ஆயினும் 8 வாரத்திற்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 6 தடவை ஆகிறது. தாய்மார்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். வளரும் சிறுமியின் தலையில் இதைத் தொடங்கிவைப்பது எனக்கு உடன்பாடன்று.

நிறுத்திவிட எண்ணுவோர்க்குப் பொறுமை தேவை. தோள்வரை 30 செ.மீ. புதுமுடி வளர இரண்டு, இரண்டரை ஆண்டுகள் ஆகும். அதுவரை நுனியைச் சிறிது சிறிதாக வெட்டிவரலாம். புதியதும் பழையதும் சேரும் இடம் வலுவற்றதாகையால், ஈரத்தலையை இறுக்கிப் பின்னுவதையும், முக்காட்டைப் பின்னால் இழுத்துக் கட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள்.