முடியை உதிர்க்கும் நொதி... டேனரி கழிவுநீரின் நச்சு குறையுமா?

ஆம்பூர் ஷூ தயாராகும் முன், தோலில் உள்ள முடியை நீக்க வேண்டும். இதற்கு டேனரிகளில் காலங்காலமாகப் பயன்படுபவை சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். முடி கூழாகக் கரைந்து கழிவுநீரில் கலந்துவிடும். அந்த நீரில் அமிலம் சேர்ந்தால், ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு கிளம்பும். கழிவுத் தொட்டியில் இறங்கும் தொழிலாளியின் உயிரையே பறிக்கக்கூடிய வாயு அது.

மாற்று என்ன?

புரோட்டியேஸ் நொதி! நம் வயிற்றில் புரதத்தைச் செரிக்கவைக்கும் நொதிகளும் இந்த வகைதான். இது வேர்ப்பிடிப்பைத் தளர்த்துவதால், முடி கரையாமல் முழுசாகக் கழன்று வரும். கரைப்பானாகத் தண்ணீரே போதும். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதில் பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவருகிறது.

சிக்கலும் உண்டு. நேரம் தப்பினால், நொதி தோலின் மேற்பரப்பையே கெடுத்துவிடும். கவனிப்பு அதிகம் தேவை.

வேலூர் மாவட்டத் தோல் கழிவு வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உப்பு, குரோமியம் பிரச்னைகளை இந்த நொதி தீர்க்காது. ஆனால், சல்ஃபைடு குறைந்தால் முதல் பலன், தொட்டியருகே நிற்கும் தொழிலாளிக்குத்தான்!