பிட்காயின் ஏன் காக்க வைக்கிறது?

டீக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால், கிளாஸ் கைக்கு வரும் முன்பே சவுண்ட் பாக்ஸ் பணம் வந்துவிட்டதாக அறிவித்துவிடுகிறது. பிட்காயினில் அதே வேலைக்குச் சராசரியாக 10 நிமிடம். நெரிசலான நாள்களில் மணிக்கணக்கு. காரணம் நம் நெட் ஸ்பீடு இல்லை. அந்த நெட்வொர்க் கட்டப்பட்ட விதம்.

யூபிஐயில் என்.பி.சி.ஐ. என்ற அமைப்பு வங்கிகளுக்கு நடுவே நின்று வேலையை முடித்துவிடுகிறது. 2009-ல் தொடங்கிய பிட்காயினில் அப்படி நடுவில் யாருமில்லை. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒரே கணக்கு நோட்டின் நகலை வைத்திருக்கின்றன. ஊருக்கு ஒரு கணக்குப்பிள்ளை என்பது போய், வீட்டுக்கு வீடு நோட்டு!

நீங்கள் காசு அனுப்பினால், அந்தத் தகவல் ஊர்ப்பேச்சு போலத்தான் பரவும். ஒரு கம்ப்யூட்டர் அதைச் சரிபார்த்து, தன்னோடு இணைந்த மற்றவற்றுக்குச் சொல்லும். அவை அடுத்தவற்றுக்கு. இணைப்புகள் குறைந்தால் தகவல் தாமதமாகும். கூடினால் ஒரே தகவல் திரும்பத் திரும்ப வந்து டேட்டாவைத் தின்னும்.

பரவச் சில விநாடிகள் போதும். ஆனால், அது நோட்டில் ஏற வேண்டுமே! சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம்தான் எழுதப்படும். அதுதான் 'பிளாக்'. இடம் குறைவு, கட்டணம் அதிகம் தருபவருக்கே முன்னுரிமை.

ஏன் ஒரு விநாடிக்கு ஒரு பக்கம் எழுதக்கூடாது? சூரிச் ஆய்வாளர்கள் 2013-ல் அளந்தபோது, ஒரு பிளாக் மற்ற கம்ப்யூட்டர்களை அடையச் சராசரியாக 12.6 விநாடி ஆனது. பழைய பக்கம் போய்ச் சேரும் முன் புதிது எழுதினால், ஆளுக்கொரு கணக்கு வந்துவிடும். 2016-ல் முழுப் பக்கத்துக்குப் பதில் சுருக்கக் குறியீடுகளை அனுப்பும் முறை வந்து, பரவும் வேகம் கூடியது. 10 நிமிட இடைவெளி மட்டும் மாறவில்லை.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. உங்கள் லேப்டாப்பை வாங்க வருபவர், "பிட்காயின் அனுப்பிட்டேன், பாருங்க" என்று ஸ்கிரீனைக் காட்டலாம். 'அன்கன்ஃபர்ம்டு' என்று இருந்தால் பொருளைக் கொடுக்காதீர்கள். அந்த நிலையில், அனுப்பியவரே கூடுதல் கட்டணம் கட்டி, அதே காசை வேறு முகவரிக்குத் திருப்பிவிட முடியும். குறைந்தது ஒரு கன்ஃபர்மேஷன் வரட்டும். பெரிய தொகை என்றால் ஆறு. அதற்குச் சுமார் ஒரு மணி நேரம்.

அவசரப்படுத்துகிறாரா? அப்படியென்றால் இன்னும் நிதானமாக இருங்கள்.