வாடகை வீட்டில் வாழ்ந்த மகாகவி

மைசூர் மைன்ஸில் மகாகவி பாரதியாருக்கு ஒரு நினைவில்லம் எழுப்பிவிட்டுப் பிறகு தமிழ் வகுப்பைப் பற்றிப் பேசுவோம் என்னும் அன்பர்கள் நம்மிடையே உளர். அவர்தம் தமிழ்ப் பற்றினை நாம் ஐயுறவில்லை. அவர்கள் சொல்லும் வரிசைமுறையைத்தான் மறுக்கிறோம்.

பாரதியின் பெயரால் இன்று போற்றப்படும் இல்லங்களை எண்ணிப் பாருங்கள். காசியில் அனுமன் கட்டத்து வீடு அவருடைய அத்தை வீடு. 1908 முதல் 1918 வரை புதுவையில் அவர் வாழ்ந்ததும் வாடகைக்கே. குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் பிறந்தது அவ்வூரில்தான். 1921-இல் கண்மூடிய திருவல்லிக்கேணி வீடும் அவருக்குச் சொந்தமன்று. புதுவையில் வீட்டுக்காரரான விளக்கெண்ணெய்ச் செட்டியார் வாடகைக்கென வந்து, பாட்டைக் கேட்டு, பணத்தைக் கேளாமலே திரும்பிய செய்தியை வ. ரா. எழுதியிருக்கிறார். அந்தச் செட்டியாருக்கன்றோ முதலில் சிலை வைக்க வேண்டும்!

எட்டயபுரத்து மணிமண்டபத்தைச் சான்று காட்டுவோர் அதன் வரலாற்றையும் நினைவு கூர்தல் வேண்டும். கல்கி விடுத்த வேண்டுகோளுக்கிணங்கப் பொதுமக்கள் ஈந்த பொருளால் எழுந்து, 1947-இல் திறக்கப்பெற்றது அது. ஈந்தவர்கள் பாரதியை முன்னமே படித்தவர்கள், பாடியவர்கள், அதனாலன்றோ ஈந்தார்கள்? படிப்பு முந்தியது, கல்லும் சுண்ணாம்பும் பிந்தின. நாமோ தலைகீழாய்த் தொடங்க நினைக்கிறோம். கவிஞரின் பெயரையே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகள், கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கையெழுத்துப் படியைக் கண்டு என்ன செய்வார்கள்? தலைப்பாகையையும் மீசையையும் பார்த்துவிட்டு வெளியே வருவார்கள்.

சொந்தக் கட்டடம் இல்லையே என்பது அடுத்த தடை. இதை நாமா சொல்வது? வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் மூங்கில் தட்டி வீட்டிலும், பின்னர்ச் சுரங்க நிறுவனத்தின் லைன் வீட்டிலும் குடியிருந்தே குடும்பம் வளர்த்தனர். நிலமும் அவர்களதன்று, வெட்டிய பொன்னும் அவர்களதன்று. தமிழ் ஒன்றே அவர்களுடையதாய் இருந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபோது வேலை போயிற்று. மொழியை எவரும் பறித்துக்கொள்ளவில்லை. அதனை நாமே நழுவவிடலாமா?

விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்பும் பெற்றோர்க்கு வாரநாளில் நேரமில்லை என்பதை அறிவோம். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் போதும். ஒரு லைன் வீட்டுத் திண்ணை, ஒரு கரும்பலகை, அரிச்சுவடி பத்து, பாரதியார் கவிதைத் தொகுதி ஒன்று. மண்டப நிதிக்கென்று ஒதுக்க நினைக்கும் தொகையில் முதல் ஐந்நூறு ரூபாயை இதற்குத் தாருங்கள். எஞ்சியதை, அந்தப் பிள்ளைகள் பாரதியைத் தாமே படித்து முடித்த பின்னர் அவர்களிடமே கேட்டுச் செலவிடலாம்.